பாராகிளைடருக்கு ரிசர்வ் பாராசூட்: மலைநாட்டுல பறக்கிறவங்களுக்கு, எடை பாக்குறதுல இருந்து மடிச்சு வைக்கிறது வரைக்கும்

புதுசா பறக்க வர்ற தம்பிமார் தங்கச்சிமார் எல்லாரும் எடுத்த உடனே கேக்குறது, "ரவுண்ட் நல்லதா, ஸ்கொயர் நல்லதா, எவ்வளவு சல்லி வரும்"ன்னுதான். ஆனா வகையைப் பத்தின கேள்வி நாலாவதா வரவேண்டியது. முதல்ல உங்க எடை, அப்புறம் நீங்க பறக்கிற உசரம், அதுக்கப்புறம் கீழ என்ன இருக்கு, இதெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் எதை வாங்குறதுன்னு முடிவு பண்ண முடியும். வரிசை மாறிப் போனவங்க நல்ல பாராசூட்ட வாங்கி தப்பான சைஸ்ல, தப்பா மாட்டி, ஒரு தரம்கூட கையால இழுத்துப் பாக்காம பறந்துகிட்டு இருக்காங்க, அதைப் பாத்துப் பாத்துத்தான் இதை எழுதுறேன்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிர்றேன். காக்பிட் இருக்கிற பெரிய கிளைடர்ல பறக்கிறவங்க முதுகுல பாராசூட் கட்டியிருப்பாங்க, ஆபத்துன்னா வெளிய குதிச்சு கயித்த இழுப்பாங்க. பாராகிளைடர்ல நாம விங்க, அதாவது தலைக்கு மேல விரிஞ்சு நம்மளத் தாங்குற துணி இறக்கைய, விட்டுப் பிரியிறதே இல்ல. அது கையவிட்டுப் போனா ரிசர்வ, அதாவது ஆபத்துக்கு மடிச்சு வச்சிருக்கிற பாராசூட்ட, நாமளே கையால எறியிறோம். அதனால ஆமிப் பாராசூட், ஸ்கைடைவிங் பாராசூட் எல்லாம் மலிவா கிடைக்குதுன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிருங்க. அதெல்லாம் வேகமா விழுந்துகிட்டு இருக்கிற உடம்புக்காக, அதிர்ச்சி குறையட்டும்னு மெதுவா திறக்கிற மாதிரி செஞ்சது. நமக்கு கம்மி வேகத்துல, கம்மி உசரத்துல, உடனே திறக்கணும்.

1. முழு சாமானோட தராசுல ஏறுங்க

உங்க உடம்பு எடை மட்டும் பத்தாது. விங், நாம உக்காந்து தொங்குற ஹார்னஸ், ஹெல்மெட், சப்பாத்து, ஜாக்கெட், தண்ணி, ரேடியோ, ரிசர்வ், எல்லாத்தையும் முதுகுல போட்டுக்கிட்டு ஏறுங்க. கொழுந்து நிறுக்கிற தராசு கிடைச்சாக்கூட போதும்.

68 கிலோ ஆள் ஒருத்தர் சாமானோட 88 கிலோ சுலபமா வந்துருவாரு. ஆனா நிறைய பேர் 68ஐ மனசுல வச்சுக்கிட்டு, 80 கிலோ ரிசர்வ் தாராளம்னு வாங்கிர்றாங்க. பாராசூட்ல எழுதியிருக்கிற அந்த நம்பர் மொத்தப் பாரத்துக்கு, உடம்புக்கு இல்ல.

2. உசரத்துக்கு ஒரு கணக்கு போடுங்க

நம்ம பக்கம் முக்கியமா பாக்கவேண்டியது இதுதான், ஆனா யாருமே பாக்குறதில்ல.

ஈஎன் 12491ங்கிற ஐரோப்பிய தரத்துல, முழுப் பாரத்தோட இறங்குற வேகம் செக்கனுக்கு 5.5 மீட்டருக்கு மேல போகக்கூடாது. அது கடல் மட்டத்துக் காத்துக்குப் போட்ட கணக்கு. மேல போகப் போக காத்து ஐதா இருக்கும், அதனால அதே பாராசூட் வேகமா இறங்கும். பண்டாரவளை உசரத்துல, அதாவது 1200 மீட்டர் சொச்சத்துல, கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீட்டர், அங்க 10 சதவீதம். இது ஐரோப்பாக் குளிருக்குப் போட்ட கணக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் ரெண்டு சதவீதம் போல சேத்துக்கோங்க.

5.5ல இறங்குறதுன்னா ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உசரத்துல இருந்து குதிக்கிற மாதிரி. வேகம் 6.1 ஆனா அது 1.9 மீட்டர் ஆயிரும். நம்பர் சின்னதாத்தான் மாறுது, ஆனா கணுக்காலும் முதுகெலும்பும் அந்த வித்தியாசத்த நல்லாவே உணரும், அதுவும் சரிவுல.

அதே 88 கிலோ ஆள் 100 கிலோ ரிசர்வ் போட்டா கடல் மட்டத்துல 5.2 போல இறங்குவாரு, நுவரெலியா உசரத்துல 5.7. 120 கிலோ ரிசர்வ் போட்டா அதே உசரத்துல 5.2க்குள்ள நிக்கும். அதனால நான் சொல்றது, உங்க மொத்தப் பாரம் ரிசர்வோட உச்சப் பாரத்துல ஏறக்குறைய 75ல இருந்து 85 சதவீதத்துக்குள்ள வர்ற மாதிரி பாருங்க.

அதுக்காக ரெண்டு ஆள் பறக்கிற டேண்டம் ரிசர்வ ஒத்தை ஆளுக்கு வாங்கிராதீங்க. பாரம் பத்தாட்டி திறக்க நேரம் எடுக்கும், அதிகமா ஆடும், காத்து இழுத்துக்கிட்டும் போகும். எல்லா ரிசர்வுக்கும் குறைஞ்ச பாரம்னு ஒரு நம்பர் புத்தகத்துல போட்டிருக்கும், அதையும் பாருங்க.

3. கீழ என்ன இருக்குன்னு நடந்து பாருங்க

சாதாரண ரவுண்ட் ரிசர்வ்ல தொங்கும்போது நீங்க காத்தோட போவீங்க, திருப்ப முடியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் காத்துன்னா செக்கனுக்கு 5.6 மீட்டர், இறங்குற வேகமும் ஏறக்குறைய அதேதான். அப்போ 100 மீட்டர் உசரத்துல எறிஞ்சா 100 மீட்டர் தள்ளிப்போய் விழுவீங்க. பறக்கிற இடத்துல நின்னு காத்து அடிச்சுக்கிட்டுப் போற பக்கம் அந்தத் தூரத்துல என்ன இருக்குன்னு பாருங்க. கரண்ட் வயரா, லயமா, யூக்கலிப்டஸ் காடா, ஓடையா?

தேயிலை மலை மேல இருந்து பாத்தா மெத்தை மாதிரி தெரியும். வளந்து நிக்கிற தேயிலை உண்மையிலேயே பரவாயில்ல. ஆனா கவ்வாத்து வெட்டின மலைன்னா கத்தியால சரிவா வெட்டின கூர்க் கட்டைங்க வரிசையா நிக்கும், நடுவுல ஆழமா கான் ஓடும். எந்த மலை இந்த வருஷம் கவ்வாத்துன்னு தோட்டத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கேட்டுட்டுப் பறங்க. கணுக்கால மூடுற தடிச்ச சப்பாத்து போடச் சொல்றதும் இதனாலதான்.

காத்தப் பத்தி ஒண்ணு. தென்மேற்குப் பருவம் வீசுற மாசங்கள்ல, முக்கியமா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், ஊவா பக்கம் வானம் வெளுத்து நல்லாத் தெரியும், புதுசா வர்றவங்க அதைப் பாத்து ஏமாந்துர்றாங்க. மழைய மேற்குப் பக்கம் கொட்டிட்டு அந்தக் காத்து மலைத்தொடரத் தாண்டி இந்தப் பக்கம் காய்ஞ்சு பலமா இறங்குது, கச்சான்னு சொல்றோமே அதுதான். மலைக்குப் பின்பக்கம் அந்தக் காத்து சுருண்டு உருளும். அப்புத்தளை மாதிரி மலை இடைவெளியில நெருக்கி இன்னும் பலமா வரும். அந்தச் சுருள்ல ரிசர்வ எறிஞ்சாக்கூட காத்தே கீழ இறங்கிக்கிட்டு இருக்கும், நீங்க எழுதியிருக்கிற வேகத்தை விட வேகமாத்தான் விழுவீங்க. எந்த ரிசர்வும் அதுக்கு மருந்து இல்ல, அன்னைக்குப் பறக்காம விட்டுரணும்.

4. இப்போ வகையப் பாருங்க

ரவுண்ட்: எளிமை, மலிவு, மாட்டுறது சுலபம், மடிக்கத் தெரிஞ்சவங்க அதிகம். குறை என்னன்னா ஊஞ்சல் மாதிரி ஆடும், அந்த ஆட்டத்தோட கடைசியில தரையத் தொட்டா அடி பலமா விழும். அதோட, உங்க விங் பாதி உசிரோட பறந்துகிட்டு இருந்தா ரெண்டும் எதிரெதிர்ப் பக்கமா இழுத்துக்கிட்டு ரொம்ப வேகமா இறங்கும்.

ஸ்கொயர், அதாவது சிலுவை வடிவம்: மூலைகள் வழியா காத்து வெளியேறுறதால ஆட்டம் கம்மி, நிதானமா இறங்கும். விலை கொஞ்சம் கூட. ஸ்கொயரும் ரவுண்டும் கலந்த மாதிரியும் இருக்கு, கம்பானியன் எஸ்க்யூஆர் அந்த வகை. முதல் ரிசர்வ் வாங்குறவங்க என்கிட்ட கேட்டா இந்த ரெண்டுல ஒண்ணத்தான் சொல்லுவேன். சரிவும் மேடுபள்ளமும் உள்ள நிலத்துல ஆடாம இறங்குறது பெரிய விஷயம்.

ரோகாலோ, அதாவது திருப்பக்கூடிய முக்கோண வகை, பீமர் மாதிரி: இதுக்கு முன்னோக்கி வேகம் இருக்கு, கரண்ட் வயரையோ மரத்தையோ விட்டு விலகிப் போகலாம். கேக்கும்போதே எல்லாருக்கும் இதுமேல ஆசை வந்துரும். ஆனா விங்க முழுசா அடக்கி உள்ளுக்கு இழுத்தாத்தான் இது ஒழுங்கா பறக்கும், இடது வலது மாறாம மாட்டணும், மடிக்கிறது கஷ்டம், திறந்ததும் நீங்க மலையப் பாத்து இருந்தா மலைக்குள்ளயே கொண்டுபோகும். 300 மீட்டர் உசரத்துல இது அருமை, 60 மீட்டர்ல ஸ்கொயரே மேல். தண்ணிக்கு மேல பயிற்சி எடுத்து ரெண்டு மூணு தரம் உண்மையா எறிஞ்சவங்க வாங்கலாம்.

விங்க கழட்டி விடுற சிஸ்டம் வித்தை காட்டிப் பறக்கிறவங்களுக்கு. ராக்கெட்டால சுடுறது ஹேங்கிளைடர், மைக்ரோலைட் காரங்க பாக்குறது. ரெண்டும் இப்போதைக்கு வேணாம்.

5. பழசு வாங்கினா

நம்ம நாட்டுல புதுசு வாங்கி இறக்குறது செலவு, அதனால பழசு கைமாறுறது சகஜம்தான். செஞ்ச திகதி துணியிலயே ஒரு லேபிள்ல தைச்சிருக்கும். பெரும்பாலான கம்பனிங்க 10 வருஷம்தான் ஆயுசு குடுக்கிறாங்க, அது பாவிச்சாலும் பாவிக்காட்டியும். 9 வருஷம் ஆனத பாதி விலைக்கு வாங்குறதுல எந்த லாபமும் இல்ல.

எப்போ யார் மடிச்சாங்கன்னு எழுதி வைக்கிற குறிப்புப் புத்தகம் இல்லாம வந்தா, முழுசா விரிச்சுப் பாக்காம சல்லி குடுக்காதீங்க. பூஞ்சணப் புள்ளி, மக்கின வாசம், கயிறு கிட்டத் துணி சுருங்கினது, துருக் கறை, இதுல ஒண்ணு இருந்தாலும் விட்டுருங்க. ஒரு தரம் எறிஞ்சதுன்னு சொன்னா, அதுக்கப்புறம் தெரிஞ்ச ஆள் யாராவது சோதிச்சாங்களான்னு கேளுங்க.

6. ஹார்னஸ்ல மாட்டுறது

எல்லா ரிசர்வும் எல்லா ஹார்னஸுக்கும் பொருந்தாது. ரிசர்வ் மடிச்ச பை பெருசா இருந்து, ஹார்னஸ்ல அதை வைக்கிற அறை சின்னதா இருந்தா இழுக்கும்போது சிக்கும், அறை பெருசா இருந்தா பை உள்ள உருண்டு, அறைய மூடி வச்சிருக்கிற பின் (ஊசி) வளையும். ரிசர்வோட புத்தகம், ஹார்னஸோட புத்தகம் ரெண்டையும் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க. முதல் தரம் பயிற்சியாளர் ஒருத்தர் கூட இருக்கணும்.

முதல்ல ஹேண்டில, அதாவது ரிசர்வ வெளிய இழுக்கிற கைப்பிடிய, ரிசர்வோட உள் பையில கோத்துருங்க, எந்த வளையத்துலன்னு ஹார்னஸ் புத்தகம் சொல்லும். இதுல பாக்கவேண்டியது நீளம். ஹேண்டில இழுத்தா முதல்ல பின்கள் கழண்டு வரணும், அதுக்கப்புறம்தான் பையோட பட்டி இறுகணும். பட்டி கட்டையா இருந்தா பின் கழறதுக்கு முன்னாடியே பை மூடின கதவ முட்டிக்கிட்டு நிக்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. தரையில மெதுவா இழுத்துப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல இது தெரிஞ்சுரும்.

அடுத்து பிரைடில், அதாவது ரிசர்வையும் உங்க தோள்ப்பட்டையையும் இணைக்கிற தடிச்ச நாடா. இடுப்புல விங்க மாட்டுற கொக்கி வளையமான கராபினர்ல மாட்டக்கூடாது, தோள்ல இருக்கிற ரெண்டு வளையத்துலதான். தோள்ல மாட்டினாத்தான் நிமிந்து தொங்கி கால் முதல்ல தரையத் தொடும். ஸ்டீல் மெயிலான், அதாவது திருகி மூடுற வளையம், போட்டு இணைச்சீங்கன்னா, கையால இறுக்கிட்டு சாவியால இன்னும் கொஞ்சம் திருகுங்க. நாடா நகராம இருக்க ரப்பர் வளையம் போடுங்க, நகந்தா பாரம் குறுக்கால விழும், மெயிலான் அந்தப் பக்கம் பலம் கம்மி.

பிரைடில் போற வழிய விரலால தொட்டுத் தொட்டுப் பாருங்க. தோள்ப்பட்டைக்குக் கீழயோ, வேற பட்டிக்குள்ள நுழைஞ்சோ போச்சுன்னா திறக்கிற அதிர்ச்சியில ஹார்னஸே உங்கள நெரிக்கும்.

கடைசியா பின். அறைய மூடும்போது வளையங்கள வெளிய இழுக்க ஒரு மெல்லிய நூல் கோத்து இழுப்பாங்க. பின்ன போட்ட பிறகு அந்த நூல எடுத்தாகணும். நூல் உள்ளயே கிடந்தா பின்னே கழண்டாலும் கதவு திறக்காம போகலாம். நான் பாத்த தப்புகள்லயே பயங்கரமானது இதுதான், ஏன்னா வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரியே தெரியும். வேலை தொடங்க முன்னாடி எத்தனை நூல் எடுத்தீங்கன்னு எண்ணுங்க, முடிஞ்சதும் மேசையில அத்தனையும் இருக்கான்னு எண்ணுங்க.

7. தொங்கிக்கிட்டு இழுத்துப் பாருங்க

மேசையில வச்சு இழுக்கிறது வேற, உக்காந்துகிட்டு இழுக்கிறது வேற. உக்காரும்போது உங்க எடையில அறை நசுங்கும், கோணம் மாறும். பலமான உத்தரத்துல ஹார்னஸ கராபினரோட தொங்கவிட்டு, பறக்கும்போது போடுற அதே ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு ஏறி உக்காருங்க. காலையில குளிருக்கு க்ளவுஸ் போடுவீங்கன்னா க்ளவுஸோட இழுங்க, தடிச்ச கம்பளி க்ளவுஸ்ல சிலருக்கு ஹேண்டில் பிடியே கிடைக்கிறதில்ல.

முதல்ல பாத்து இழுங்க, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு தடவிக் கண்டுபிடிங்க, அப்புறம் யாரையாவது விட்டு உங்கள சுத்தச் சொல்லிட்டு இழுங்க. வலது பக்க ஹேண்டில்னா இடது கையாலயும் எட்டுதான்னு பாருங்க. புதுசா மாட்டின ஒவ்வொரு தரமும் இதைச் செய்யணும், மறுபடி மடிக்கணுமேன்னு சோம்பல் படாதீங்க.

ஹேண்டில்லயும் பிரைடில் போற பாதையிலயும் வெல்க்ரோ இருந்தா, மாசக்கணக்கா ஒட்டியே இருந்தா ரொம்ப இறுகிப் போகும். அப்பப்போ பிரிச்சு ஒட்டுங்க.

8. எப்போ எறியிறது, எப்படி எறியிறது

எறிய வேண்டிய நேரத்துல யோசிக்க நேரம் கிடைக்காது, அதனால முடிவ தரையிலயே எடுத்துருங்க. கட்டுப்பாடு இல்லாத ஸ்பைரல்ல, அதாவது சுழண்டு சுழண்டு இறங்கும்போது, செக்கனுக்கு 15 மீட்டர் இறங்குறது சாதாரணம். "இப்ப சரியாயிரும்"னு நாலு செக்கன் பாத்தா 60 மீட்டர் போச்சு, கூடவே சுழற்சி கூடக் கூட கைய அசைக்கிறதே கஷ்டமாகும்.

நான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றது: தரைக்கு மேல 150 மீட்டருக்குக் கீழ விங் கையவிட்டுப் போனா சரிபண்ணப் பாக்காதீங்க, எறிங்க. மேல இருந்தாலும் ரெண்டு சுத்துக்குள்ள நிக்கலன்னா எறிங்க. தரையில இருந்து எண்ணணும், கடல் மட்டத்துல இருந்து இல்ல. நம்ம மலைகள்ல பள்ளத்தாக்கு 600 மீட்டர் கீழ தெரியும், ஆனா பக்கத்துச் சரிவு 40 மீட்டர்ல இருக்கும்.

பாரு, பிடி, இழு, எறி, விடு. கண்ணால ஹேண்டிலப் பாருங்க, இறுக்கிப் பிடிங்க, வெளிப்பக்கமா பலமா இழுங்க, பை கையில தொங்கும். விங்கும் கயிறும் இல்லாத வெளி ஆகாசத்தப் பாத்து முழு வீச்சுல எறிஞ்சுட்டு கைய விடுங்க. கடைசிச் சொல்லத்தான் நிறைய பேர் மறக்கிறாங்க, பயத்துல ஹேண்டில விடாமப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, பை திறக்காது. எறிஞ்சும் திறக்கலன்னா பிரைடில பிடிச்சு வெட்டி வெட்டி இழுங்க. சிக்கிக்கிச்சுன்னா உள்ளுக்கு இழுத்தெடுத்து மறுபடி எறிங்க.

தினமும் பறக்கும்போது, நல்ல அமைதியான காத்துல, ஒரு தரம் கைய கொண்டுபோய் ஹேண்டிலத் தொட்டுப் பாருங்க. கைக்கு அந்த இடம் பழகிரணும்.

9. திறந்த பிறகு

ரிசர்வ் திறந்ததும் வேலை முடியல. விங் மறுபடி பறக்கப் பாக்கும். பின்பக்க ரைசர் (விங்கோட கயிறுங்க வந்து சேர்ற பட்டி) ரெண்டையும், இல்லாட்டி கையில பிடிச்சு ஓட்டுற ரெண்டு பிரேக்கையும், ஒரே அளவா இழுத்து விங்க சாகடிங்க. ஒரு பக்கம் மட்டும் இழுத்தா சுத்த ஆரம்பிச்சுரும். தரை கிட்ட இருந்தா விங்க மறந்துட்டு இறங்கத் தயாராகுங்க.

ஹார்னஸ்ல இருந்து நிமிந்து காலக் கீழ விடுங்க. ரெண்டு காலும் ஒட்டி, முழங்கால் லேசா மடிஞ்சு, கீழ பாக்காம எதிர்ல பாருங்க. தொட்டதும் நிக்கப் பாக்காதீங்க, பக்கவாட்டுல உருளுங்க: பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள். கைய ஊனினா மணிக்கட்டு போயிரும். இதை வீட்டு முத்தத்துல ஒரு மேசை உசரத்துல இருந்து குதிச்சுப் பழகலாம்.

10. மரத்துல, வயர்ல விழுந்தா

மரத்துல தொங்கினா இறங்கப் பாக்காதீங்க. விழுந்து தப்பிச்சு, இறங்கும்போது கீழ விழுந்து அடிபடுறதுதான் அதிகம். ஒரு பட்டியால உங்கள கிளையோட கட்டிக்கோங்க. ஹார்னஸ் பையில பல்லிடுக்கு சுத்தம் பண்ற நூல் டப்பி ஒண்ணு வச்சிருங்க, அதைக் கீழ விட்டா ஆக்கள் கயித்தக் கட்டி அனுப்புவாங்க. கயித்த அறுக்கிற கொக்கிக் கத்தியும் கை எட்டுற இடத்துல இருக்கணும்.

குளவி. தோட்டத்துல வேலை செய்றவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல, வெளியூர்ல இருந்து பறக்க வர்றவங்களுக்குத்தான். மரத்துல கூடு இருக்கான்னு பாத்துட்டு அசையுங்க, ஹெல்மெட்ட கழட்டாதீங்க.

கரண்ட் வயர்ல விங் தொட்டிருந்தா யாரும் கிட்ட வரவேணாம்னு கத்துங்க. உதவிக்கு ஓடி வர்ற மக்கள் முதல்ல தொங்குற கயித்தத்தான் பிடிப்பாங்க. மின்சார சபை லைன வெட்டிட்டோம்னு சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.

முதுகு வலிச்சா, கால் விறைச்ச மாதிரி இருந்தா, எழும்பாதீங்க, தூக்கவும் விடாதீங்க. நம்ம சனம் பாசத்துல நாலு பேர் சேந்து சாக்குல போட்டுத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்துருவாங்க, முதுகெலும்பு உடைஞ்சிருந்தா அதுவே முடமாக்கிரும். 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸக் கூப்பிடச் சொல்லுங்க, தோட்டப் பேரையும் டிவிஷனையும் எந்த மலைங்கிறதையும் சொல்லச் சொல்லுங்க. பள்ளத்துக்குள்ள ஃபோன் சிக்னல் இருக்காது, அதனால பறக்க முன்னாடியே மேல ஒருத்தர ரேடியோவோட நிறுத்தணும்.

11. காத்து காட்டுறது, மடிக்கிறது

கம்பனிங்க 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்கு ஒரு தரம் மடிக்கச் சொல்லும். மிஸ்ட்டும் மழையும் உள்ள நம்ம பக்கத்துக்கு நான் 6 மாசம்னுதான் சொல்லுவேன். ஈரம் புடிச்ச துணி ஒட்டிக்கும், திறக்க நேரம் எடுக்கும், ரப்பரும் சீக்கிரம் உக்கிரும். மழையில நனைஞ்சா 6 மாசம் பாக்காதீங்க, அன்னைக்கே பிரிச்சுருங்க.

மடிக்கிற மாசத்தையும் பாத்து வைங்க. அட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் காய்ஞ்சிருக்கும், ஊவா பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட். வெயில்ல போடக்கூடாது, நைலான் துணிய வெயில் கெடுக்கும். ஸ்கூல் ஹோலோ கோயில் மண்டபமோ கேட்டு, தொங்கவிட்டு ஒரு முழு நாள் காத்து காட்டுங்க. அடுப்புப் புகை படுற இடத்துல வேணாம்.

மடிக்கும்போது கயிறக் கட்டிப் பிடிக்கிற ரப்பர் வளையம் கம்பனி சொன்ன சைஸ்லயே இருக்கணும், பேங்க்ல சல்லிக் கட்டுக்குப் போடுறத போட்டுறாதீங்க. தடிப்பு மாறினா கயிறு கழறாம பூட்டிக்கும், இல்ல முன்னாடியே கழண்டுரும். ஒவ்வொரு மடிப்புக்கும் புது ரப்பர்.

வீடியோ பாத்து முதல் தரம் தனியா மடிக்காதீங்க. தெரிஞ்சவர் மடிக்கும்போது கூட நின்னு பாருங்க, அடுத்த தரம் நீங்க மடிக்க அவர் பாக்கட்டும். முடிஞ்சதும் திகதி, மடிச்சவர் பேர், எத்தனை ரப்பர், எல்லாத்தையும் புத்தகத்துல எழுதிட்டு ஆறாம் பிரிவுல சொன்ன நூல் எண்ணுறதையும் ஏழாம் பிரிவுல சொன்ன தொங்கி இழுத்துப் பாக்குறதையும் திரும்பச் செய்யுங்க. பறக்காத மாசத்துல ஹார்னஸ சிமெந்துத் தரையில வைக்காம பலகை மேல வைங்க, மேல பாரமா எதையும் அடுக்காதீங்க.